கடிகாரத்துப் பேட்டரியில் எரிந்த பல்பு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே சுவர்க்கடிகாரத்தையும் என் மூக்கையும் தவிர எல்லோரும் சுகம். கடிகாரம் நின்றுவிட்டது, மூக்கு நிற்காமல் ஓடுகிறது. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் இந்த வயதில் யாரும் பத்தாம் வகுப்புப் படிக்கவில்லையே. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். முதலில் உட்கார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள். நான் அறிவியல் செய்முறைத் தேர்வில் பாஸ்.

ஆமாம், அதே நான்தான். சின்ன வயதில் நான் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டதைப் பார்த்துவிட்டு, "இவ டியூப்லைட்டும்மா, இன்னிக்கு சுவிட்ச் போட்டா நாளைக்குத்தான் எரிவா" என்று அம்மாவிடம் சொன்னாயே, அந்த டியூப்லைட்தான். அன்றைக்குப் பிடித்த பெயர், உன் பிள்ளைகள்கூட என்னை "டியூப்லைட் சித்தி" என்று கூப்பிடுகிற வரைக்கும் வந்து நிற்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து அந்தப் பெயர் ரத்து. பிள்ளைகளிடமும் சொல்லிவிடு.

ஆஸ்பத்திரி லேபில் நான் கண்ணாடிக் குழாய் கழுவுவது உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அந்தக் குழாய்களில் ஒன்று ஏன் நீலமாகிறது, இன்னொன்று ஏன் கலங்குகிறது, ஒன்று ஏன் அடியில் தூள் தூளாகத் தங்குகிறது என்று தெரியாமலே கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அங்கே பரிசோதனை செய்கிற அம்மாவிடம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவர், "பத்தாவது பாஸ் பண்ணிட்டு வா, பயிற்சியில சேர்த்துவிடறேன். அப்புறம் உனக்கே தெரியும்" என்றார். அதற்காகத்தான் இந்த மாலைப்பள்ளி. செய்முறைத் தேர்வில் தேறினால்தான் பெரிய பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். இந்த வருஷம் விட்டால் பயிற்சிக்கு எனக்கு வயது தாண்டிவிடும், பிறகு ஆயுசுக்கும் குழாய் கழுவ வேண்டியதுதான். 

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் இருக்கிற ஒரே வாத்தியார், நம் வீட்டு மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர். வகுப்பில் அவர் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். வருகைப்பதிவு எடுக்கும்போது என் முறை வந்தால் ஜன்னலைப் பார்ப்பார். நானும் நல்ல பிள்ளையாக "உள்ளேன் சார்" என்பேன். பின்பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் இருக்கிறார், அவர் மெதுவாக, "வீட்லயும் உள்ளேன் சார்தானாம்மா?" என்று கேட்பார், வகுப்பே குலுங்கும், அதற்குத் திட்டு எனக்கு விழும். ஒருநாள் பலகையில் மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கி, மைனஸ் ஒன்பது என்று எழுதிவிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. வீட்டில் வருகிற அதே குரலில், "ஏங்க, இதையாவது ஒழுங்காப் பாருங்க" என்று வந்துவிட்டது. லாரி டிரைவர் அண்ணன் மேஜைமேல் கவிழ்ந்தே விட்டார். இவர் காது சிவந்து, "வெளியே போம்மா" என்றார். போனேன். நேராக வீட்டுக்குப் போய் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். வகுப்பிலிருந்து அவர் என்னை வெளியே அனுப்பலாமென்றால் வீட்டிலிருந்து நான் அவரை வெளியே நிறுத்தலாம், இரண்டு பக்கமும் சமம். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஜன்னல் வழியாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மைனஸை மைனஸால பெருக்கினா ப்ளஸ்தான். ஒத்துக்கறேன். கதவைத் திற." பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏதோ பண விஷயமாகச் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அக்கா, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், இந்தப் படிப்பு என்னைப் பிடித்து ஆட்டுகிறது. முன்பெல்லாம் வீடு வெறும் வீடாக இருந்தது, இப்போது எதைத் தொட்டாலும் உள்ளே ஒரு பாடம் உட்கார்ந்திருக்கிறது. சூடுபட்டால் உலோகம் விரியும் என்று படித்த அன்றே, எத்தனையோ நாளாகத் திறக்காமல் அடம்பிடித்த பாட்டில் மூடிமேல் வெந்நீர் ஊற்றினேன், ஒரு திருகில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. அந்த வேகத்தில் பீரோவின் இறுகிப்போன பூட்டுக்கும் ஊற்றினேன். பூட்டும் திறந்தது, பொய் சொல்லக்கூடாது, ஆனால் உள்ளே இருந்த அவருடைய சட்டைகள் அத்தனையும் நனைந்துவிட்டன. அடுத்த வாரம் மிதக்கும் பொருள், மூழ்கும் பொருள். வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சோப்பு மூழ்கியது, மரக்கரண்டி மிதந்தது, அவருடைய கைக்கடிகாரம் மூழ்கியது. மூழ்கியது மூழ்கியதுதான், பிறகு ஓடவே இல்லை. "அது மூழ்கும்னு போடாமலேயே தெரியாதா?" என்று கேட்டார். "நிரூபிக்காம எதையும் நம்பக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மண்டையில் ஏறாமல் போனது ஒரே ஒரு பாடம்தான். ஒளி நேர்க்கோட்டில் போகுமாம், பளபளப்பான பொருளில் பட்டால் திரும்புமாம். வீட்டில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் விளக்கினார். மூன்று தரமும் என் கண் கூசியதுதான் மிச்சம். "போகட்டும், மின்சாரத்தையாவது ஒழுங்காப் படி" என்று விட்டுவிட்டார். செய்முறைத் தேர்வும் மின்சாரத்தில்தான் வந்தது. கம்பிகளை இணைத்து, மரப்பெட்டியில் பேட்டரியைப் போட்டு மூடி, சுவிட்சை அழுத்தி ஒரு குட்டி பல்பை எரிய வைக்க வேண்டும். பள்ளியில் இருந்த பேட்டரியெல்லாம் செத்துப்போனதால் அவரவர் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் வாங்க மறந்துவிட்டேன். தேர்வு அன்று மத்தியானம் கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது. என்ன செய்வது, சுவர்க்கடிகாரத்திலிருந்து உருவிக்கொண்டேன். அதையும், சளிக்கு மூக்கில் வைத்து இழுக்கிற இன்ஹேலரையும் ஒரே கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இவர் வீட்டில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டிக்குத் தானே மார்க் போடக்கூடாது என்று அவரே எழுதிக் கொடுத்ததால், வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்திருந்தார்கள். இவர் கடைசியில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

இவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பள்ளியில் பட்டப்பெயரே "அலாரம்". ஒரு நிமிடம் முன்னே பின்னே போய் யாரும் பார்த்ததில்லை. போனைப் பார்த்து மணி சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கைக்கடிகாரமோ வாளியில் போய்விட்டது. சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார், நேரமிருக்கிறது என்று இன்னொரு தாள் திருத்தியிருக்கிறார், மறுபடி பார்த்திருக்கிறார், இன்னும் நேரமிருந்திருக்கிறது. இப்படியே மனிதர் ஒரு கட்டுத் தாளையும் திருத்தி முடித்துவிட்டார்.

இங்கே தேர்வு அறையில் என் நிலைமையைக் கேள். பல்பு பட்டாணி அளவு, வெளிச்சத்தில் எரிவது தெரியாது என்று ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவையும் மூடி, அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். லாரி டிரைவர் அண்ணனுடைய பல்பு எரிந்துவிட்டது. என் முறை. கம்பியை இணைத்தேன். பைக்குள் கையைவிட்டுத் தடவி எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். சுவிட்சை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். ஊஹூம். அந்த டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "கம்பியெல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை பாருங்கம்மா. அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கழுவாத குழாய்கள் வரிசையாகக் கண்முன்னால் வந்து நின்றன. நீயும் வந்து நின்றாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அதே நேரம் தடாலென்று கதவு திறந்து இவர் மூச்சிரைக்க ஓடி வருகிறார். நான் கண்ணைத் திறக்கிறேன், பல்பு எரிகிறது.

எப்படி எரிந்தது தெரியுமா அக்கா. மற்றவர்களுடையது மாதிரி மங்கலாக இல்லை, சுளீரென்று. லாரி டிரைவர் அண்ணன், "அட, இவங்க பல்புதான்யா பல்பு" என்றார். டீச்சர் மார்க் போட்டுவிட்டார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. "உப்பு சரியாயிருக்கு" என்பதற்கு மேல் கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை பாராட்டியிராத மனிதர், வாசற்படியில் நின்றபடி, கையிலிருந்த தாள்கட்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் கைதட்டினார். எல்லோருக்கும் முன்னால். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார், நானும் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன், பல்பு அணைந்தது, எல்லாம் கச்சிதம். வீடு திரும்பும்போது வழியெல்லாம் அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேட்டரியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டோம், நாளைக்குத்தான் புதிது வாங்கிக் கடிகாரத்தில் போட வேண்டும். பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்தச் சந்தோஷத்தில் மூக்கு ஓடினாலும் இன்ஹேலரை எடுத்து இழுக்கக்கூட மறந்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பை மீதி வராமல் சமமாக வகுத்துக் கொடு. உனக்கு மட்டும் எத்தனையாலும் பெருக்கிக்கொள்ளலாம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அப்படியே வந்தாலும் நான் பரிசோதனை செய்கிற லேபுக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
இனி ஒருபோதும் டியூப்லைட் அல்லாத
உன் தங்கை

பின்குறிப்பு: இது மறுநாள் எழுதுவது. காலையில் தபாலில் போடக் கிளம்பும்போது மூக்கு அடைத்துக்கொண்டது. பையில் கையைவிட்டு இன்ஹேலரை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தேன். வாசனையே இல்லை. சளி முற்றிவிட்டது என்று இன்னும் பலமாக இழுத்தேன். சில்லென்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் கையில் இருப்பது கடிகாரத்துப் பேட்டரி.

அப்படியானால் நேற்று பெட்டிக்குள் போனது என்ன என்று யோசித்துப் பார். நானும் யோசித்தேன். இன்ஹேலரில் பல்பு எரியும் என்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். பிறகு கால் தானாக நடந்தது. ஜன்னலையெல்லாம் சாத்தினேன், மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன், வாசற்கதவைத் திறந்தேன். வெயில் நேராக வந்து டம்ளர்மேல் பட்டு சுளீரென்று கண்ணில் அடித்தது. கதவைச் சாத்தினேன், அணைந்தது. திறந்தேன், எரிந்தது. அந்தத் தேர்வு அறைக் கதவும் சாயங்கால வெயிலுக்கு நேர் எதிரேதான் இருக்கிறது. நான் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, "காலங்காத்தாலே கதவோட என்ன விளையாட்டு?" என்று இவர் வந்தார். பேட்டரியை நீட்டிச் சொன்னேன். நேற்றுக் கைதட்டிய கையை இவர் என்ன செய்வார் என்றுதான் பயம்.

இவர் டம்ளரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இதை யார் சொன்னாங்க உனக்கு?" என்றார். "யாரும் சொல்லலைங்க. நானே யோசிச்சேன்." இவரே கதவை ஒரு தரம் சாத்தித் திறந்து பார்த்தார். "மூணு தடவை சொல்லிக் கொடுத்தேன், ஏறவே இல்லையேடி" என்றார். "இப்ப ஏறிடுச்சுங்க" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டார். "டீச்சர் இன்னும் ஊருக்குக் கிளம்பலை. சொன்னா மார்க்கை அடிச்சிடுவாங்க, தெரியும்ல?" தெரியும் என்றேன். இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். டீச்சர் சிரித்தார், மார்க்கை அடித்தார், நாளைச் சாயங்காலம் இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். அதிலும் எரியாவிட்டால் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் இவர் பேட்டரியைத் தன் கையாலேயே ஒரு காகிதத்தில் மடித்து என் பையில் வைத்தார், பள்ளிப் பெட்டியிலிருந்து மீட்டு வந்த இன்ஹேலரைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதனால் அக்கா, மேலே எழுதியதெல்லாம் வாபஸ். டியூப்லைட் என்ற பெயர் நாளைச் சாயங்காலம் வரை உன்னிடமே இருக்கட்டும், பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாதே. நான் பயப்படவில்லை. இவரிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: "வெளியிலயே நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க."