அரைக் கரண்டி சீனி

நான் குடிகாரன் இல்லை. ஒரு சொட்டு பியர்கூட என் நாக்கில் பட்டதில்லை. இதை முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சனம் கேட்டால்தானே!

எண்பதுகளின் கடைசியில், வெள்ளைக்கார ஊரான ஸ்ட்ரெதத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். கூட வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவர் வீட்டிலேயே பியர் செய்யும் பெட்டி ஒன்றைப் பரிசாகத் தந்தார். எனக்குக் குடிக்கிற ஆசையில்லை, செய்து காட்டுகிற ஆசை. (இருபத்தாறு வயதில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.) பெட்டியில் இருந்த மால்ட் பாகைக் கரைத்து, ஈஸ்ட் தூவி, வாளியில் புளிக்கவிட்டது வரை ஒரு பிழையும் இல்லை. போத்தலில் அடைக்கும்போதுதான் சனி பிடித்தது. போத்தலுக்கு அரைக் கரண்டி சீனி போடச் சொன்னது பெட்டியோடு வந்த செய்முறைத் தாள். தேநீருக்கே சீனி போடாத வெள்ளைக்காரனுக்குச் சீனியைப் பற்றி என்ன தெரியும்? என் தேநீருக்குப் போடுவதுபோல மூன்று கரண்டி போட்டேன். இறுக்கி மூடி, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் ஒளித்துவைத்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சட்டன் என்ற ஊரிலிருந்து, எனக்குப் பேசியிருந்த வசந்தியின் அப்பாவும் அம்மாவும் என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். புகைப்படத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு வசந்தியைத் தவிர வேறு நினைப்பில்லை. அவள் அப்பாவோ, குடிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்.

“தம்பிக்கு ஏதும் பழக்கம்...?” என்று இழுத்தார்.

“ஐயோ, தேத்தண்ணியைத் தவிர ஒண்டும் தொடமாட்டான்” என்றாள் அக்கா.

டமார்!

“செல்லடிக்கிறாங்கள்! படுங்கோ!” என்று கத்தினார் அவர். யாழ்ப்பாணத்து ஷெல் குண்டுகளுக்குத் தப்பி வந்து அவருக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த நொடி பட்டுச் சேலையும் வடைத் தட்டுமாக எல்லோரும் கம்பளத்தில் குப்புறக் கிடந்தோம். டமார், டமார்! பதினொன்று எண்ணினேன். அலமாரிக் கதவுக்குக் கீழால் நுரை வழிந்து நேராக அவர் மூக்கடிக்கு வந்தது.

மனிதர் விரலைத் தோய்த்து நக்கினார்.

“பியர்!”

கலியாணம் அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இன்னொரு தரம் நக்கினார்.

“இது பழக்கமில்லாத பெடியன்தான். குடிக்கிறவன் இவ்வளவு சீனி போடமாட்டான்.”

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருவராவது கேட்டார்களா? இல்லை! கலியாணம் நடந்தது. நக்கிப் பார்த்தவர் அவர், சனத்துக்கு ‘பியர் மாப்பிள்ளை’ நான். இது என்ன நியாயம்?

இன்றைக்கும் நான் மேசையில் சீனிப் போத்தலைத் திறந்தால் போதும், அடுப்படியிலிருந்து வசந்தி கத்துவாள்: “உங்கட அப்பா சீனி போடுறார், எல்லாரும் படுங்கோ!”

பிள்ளைகள் இருவருக்கும் முப்பது வயதாகப் போகிறது. அப்படியே கம்பளத்தில் விழுந்து படுக்கிறார்கள்.