மரைக்காயர் மெஷினில் நான் பிடுங்கிய கொடி

ஏண்டி பேத்தி, உனக்கு வேறு வேலையே இல்லையா? ஊரில் எத்தனையோ பேர் மானம் போயிருக்க, என்னுடையதைத்தான் தோண்ட வேண்டுமா? சரி, கேட்டுத் தொலை. (சிரித்தால் காபி கிடையாது.)

எண்பதுகளின் கடைசி. உன் அப்பன் ஆரோக்கியம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பம்பாய்க்குக் கிளம்ப நின்றான். திருமலைராயன்பட்டினத்தில் கடை வைத்திருந்த மரைக்காயர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் இறக்கியிருந்தார். இவன் எழுதிய பில் போடும் புரோகிராம் அதில் ஓடினால் வேலை இங்கேயே. ஓடாவிட்டால் பம்பாய்தான். நானும் கூடப் போனேன், மெஷினிடம் சிபாரிசு பண்ண.

பஸ்ஸில் விளக்கினான்.

"நான் எழுதறத மிஷின் பாஷைக்கு மாத்தறதுக்குப் பேரு கம்பைலர்மா. இன்ன சிப்புக்குன்னு அதுல ஒரு குறிப்பு, இங்கிலீஷ்ல 'ஃபிளாக்', அதான் கொடி, அதப் போட்டுட்டா அந்தச் சிப்புல பறக்கும்."

"நம்ம மாதா கோயில் கொடியேத்தம் மாதிரியா?"

"அங்க வந்து வாயத் தொறக்காதீங்கம்மா."

கடையில் ஓட விட்டான். திரை அப்படியே நின்றுவிட்டது. மரைக்காயர் தாடியைத் தடவினார். இவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நான் போட்டது புது சிப்புக்கான கொடி. இது பழைய சிப்பு," என்று முணுமுணுத்தான். (பல் போன கிழவருக்கு முறுக்கு வைத்த கதை.) "அந்தக் கொடிய எடுத்துட்டா ஓடிரும்."

சொல்லிவிட்டு மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டு, கொண்டுபோன கம்பைலரை வைத்து என்னவோ தட்டத் தொடங்கினான். நான் நிமிர்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் தலைமேல், தர்கா கந்தூரித் திருவிழாவில் வாங்கிய சின்னப் பச்சைக் கொடி! பிள்ளை கேட்கக் கூச்சப்படுகிறான் என்று நினைத்து, வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன் தங்கச்சி, எங்க தர்கா கொடி உங்கள என்ன செஞ்சிச்சு?" என்றார் மரைக்காயர்.

"எம்புள்ளதாங்க எடுக்கச் சொன்னான்!"

"ஐயோ அம்மா! நான் சொன்னது மிஷினுக்கு உள்ள போற கொடி!"

அவசர அவசரமாக எடுத்த இடத்திலேயே கொடியைச் செருகினேன். அதே நேரம் இவனும் தன் கொடியை எடுத்துவிட்டுப் புரோகிராமை மறுபடி ஓட விட்டான். பிரிண்டர் கிர்ரென்று பில்லைத் துப்பியது.

"பாத்தீங்களா! கொடி திரும்ப வந்ததும் ஓடுது!" மரைக்காயர் துள்ளினார். "தம்பி, நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க."

ஆரோக்கியம் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். ஓங்கி அவன் காலை மிதித்தேன்.

இன்றைக்கும் மிக்ஸி நின்றால் உன் அம்மா, "அத்தை, கொடியப் பாருங்க" என்கிறாளே, அது இதுதான்.

அன்றைக்கு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் சொன்னேன்: "வருஷக்கணக்கா படிச்ச எம்புள்ள ஒரு கொடிய எடுத்தான். படிக்காத நான் ஒரு கொடிய வெச்சேன். மரைக்காயர் எதப் பாத்து வேலை குடுத்தாருன்னு அவருகிட்டயே போய்க் கேளுங்க!"