இருவாச்சியின் குறை தீர்ந்த கதை

ஒரு காட்டில், மேகங்கள் கிளைகளில் உட்கார்ந்து இளைப்பாறிப் போகும் மலைச்சரிவில், செவ்வந்தி என்ற இருவாச்சிப் பறவை வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தது. வீடு என்றால் மரப்பொந்து. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். அதன் வழியே கணவன் ஆவுடையப்பன் அத்திப்பழம் ஊட்டும். மடிக்கணினி மட்டும் முன்கூட்டியே உள்ளே போயிருந்தது.

வானத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டிக் காட்டுக்கு வரைபடம் செய்வது செவ்வந்தியின் வேலை. கடிதம் மட்டும் எழுதினால் இணைய இணைப்பு அறாமல் இருக்கும். வரைபடத்தைத் தொட்டதும் கணினி மூச்சிரைக்கும், இணைப்பு அறுந்துவிடும். குஞ்சு பொரிவதற்குள் வேலை போய்விடுமோ என்று செவ்வந்திக்கு அலகு உலர்ந்தது.

உதவி மையத்தைக் கூப்பிட்டது. அங்கிருந்த மைனா, கணினியை அணைத்துப் போடச் சொன்னது. போட்டது. வயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னது. செருகியது. கணினியை வேறு அறைக்குக் கொண்டுபோகச் சொன்னது.

"பொந்துல ஏதுங்க வேற அறை?" என்றது செவ்வந்தி.

மைனா தன் திரையில் இதற்குப் பதில் தேடியது. கிடைக்கவில்லை. புகாரை மேலே அனுப்பிவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டது.

புகார் போன பிறகுதான் செவ்வந்திக்கு உறைத்தது. கணினியின் பக்கவாட்டில் சூடான காற்று வரும் துளைக்கு எதிரே, அடைகாக்கத் தோதாக இருக்கிறதே என்று முட்டையை ஒட்டி வைத்தது தானேதான். வேலை கூடினால் சூடு கூடும், குஞ்சுக்கு நல்லது என்று மகிழ்ந்ததும் தானேதான். மூச்சடைத்து வெந்த கணினி, முதலில் இணைப்பைக் கைவிட்டிருக்கிறது. முட்டையைத் தள்ளி வைத்தது. வரைபடம் முழுதும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது.

"இத்தனை நாளும் நீ அதோட மூக்கைப் பொத்திக்கிட்டு அதை ஓடச் சொல்லியிருக்கே" என்று கீறலுக்கு வெளியே ஆவுடையப்பன் சிரித்தது.

"நீங்க பழத்தைக் குடுங்க" என்றது செவ்வந்தி.

அடுத்த வாரம் கரடி அதிகாரி காணொலியில் வந்தார். செவ்வந்தியின் புகார் ஏற்கப்பட்டு, இணைப்புக்காக ஒரு டவர் நட உத்தரவாகிவிட்டதாம். ஆக உயரமான இடத்தைத் தேடியபோது செவ்வந்தி செய்த வரைபடம்தான் கைகொடுத்ததாம். அந்த இடம் இந்த மரம். வெட்டுவதற்கு முன் குடியிருப்பவரின் கருத்தைக் கேட்பது வழக்கம் என்றார்.

செவ்வந்தி முட்டை விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னது. இணைப்பு ஒரு கணமும் தடுமாறவில்லை.

"தப்பு என் மேலதாங்க ஐயா. புகாரைத் திருப்பி வாங்கிக்கறேன். மரத்தை மட்டும் விட்டுடுங்க."

கரடி மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

"தீர்த்தாச்சுன்னு போன வாரமே மேலே எழுதிட்டோம்மா. தீர்ந்துபோன புகாரை எப்படித் திருப்பித் தர்றது? உங்க முகம் எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது, பாருங்க. டவர் வர்றதுக்கு முன்னாடியே பலன் தெரிய ஆரம்பிச்சிடுச்சு."

ஆவுடையப்பன் சேற்றுச் சுவரை உடைத்து மனைவியையும் முட்டையையும் வெளியே எடுத்தது. மரம் விழுந்தது. விழுந்த ஓசை அடங்குமுன் டவர் எழுந்தது. குறை தீர்ப்பதில் அவ்வளவு அக்கறை. பொந்துள்ள வேறு மரம் அந்தச் சரிவில் இல்லை. டவரின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. முட்டையை அதன்மேல் வைத்தன.

குஞ்சு பொரிந்தது. பெட்டியின் ரீங்காரத்தைத்தான் அது அம்மா என்று எண்ணிக்கொண்டது. செவ்வந்தி கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு மாலை மைனா போன் செய்தது. குறை தீர்ந்ததா என்று கேட்டது. டவரின் உச்சியில், காற்றில் சிறகு கலைய உட்கார்ந்திருந்த செவ்வந்திக்கு ஒவ்வொரு சொல்லும் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

"தீர்ந்துடுச்சுங்க" என்றது.

நீதி: குறை இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருங்கள். வெளியே சொன்னால் தீர்த்துவைத்துவிடுவார்கள்.