நடுக்கூடம் யாருக்கு?

இன்னும் இரண்டு வாரத்தில் கூடத்தின் நடுவைக் கைப்பற்றியே தீருவது என்று பூட்டு ரிப்பேர்காரர் சபதம் எடுத்தார். அங்கே, மின்விசிறிக்கு நேர் கீழே, மனைவியின் தையல் மிஷின் பத்து வருஷமாகக் கொலு வீற்றிருந்தது. அவருடைய சாய்வு நாற்காலியோ ஜன்னலோரம். மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும்.

செஸ் புத்தகம் ஒன்று வாங்கினார். பல் தேய்த்துக்கொண்டே படித்தார். கடையில் சாவியை ராவிக்கொண்டே படித்து, ஒருவருடைய பீரோவுக்கு இன்னொருவர் வீட்டு வாசல் சாவியைச் செய்து கொடுத்தார். பதினைந்து நாளில் மண்டையில் ஏறியது ஒரே விஷயம்: எடுத்த எடுப்பிலேயே நடுவைப் பிடி.

"ஒரு ஆட்டம் போடலாமா? ஜெயிக்கிறவங்களுக்குக் கூடத்து நடு!"

"சரிங்க," என்றாள் மனைவி.

மறுபேச்சே இல்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மூன்றாவது வாரமே ஏன் ஆட்டத்தை விட்டார் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று சிப்பாய்களை நடுவில் வரிசையாக நிறுத்தினார். மனைவி குதிரையை எடுத்து வைத்தாள். மந்திரியை மூலைப்பக்கம் ஒதுக்கினாள்.

"என்னம்மா, நடுவுல ஒண்ணுமே வைக்கலியே?" அவருக்குப் பாவமாக இருந்தது.

"நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஓரமே போதும்."

அந்த ஓரத்து மந்திரி குறுக்காக அவர் சிப்பாயை முறைத்தது. காவலுக்குக் குதிரையை அனுப்பினார். பக்கத்திலிருந்து அவள் தன் சிப்பாய் ஒன்றால் அதை இடித்தாள். இவர் ராணியையும் காவலுக்குக் கூப்பிட்டார். நடு என்னவோ அவருடையதுதான். ஆனால் அதைக் காக்கவே மொத்தப் படையும் போய்விட்டது, சண்டை போட ஆளில்லை.

நெற்றி வியர்த்தது. மனைவி பார்த்தாள்.

"ஆட்டம் போதுங்க. கூடத்து நடுவை நீங்களே எடுத்துக்குங்க."

"நெஜமாவா?"

"மிஷின் ஜன்னல்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்."

அவள் மனசு மாறுவதற்குள் மிஷினைத் தன்னந்தனியாகத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. பரவாயில்லை. நாற்காலியை நடுவில் போட்டு ராஜா மாதிரி சாய்ந்த நேரத்தில் மணி அடித்தது. கருவிப் பையோடு எலெக்ட்ரீஷியன்.

"அம்மா, ஜன்னலுக்குக் கீழ மிஷினுக்குப் பிளக் பாயின்ட் போடணும்னு போன வாரம் சொன்னீங்களே!"

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்புத் துணி தைக்க வெளிச்சம் பத்தலைங்க. நேரா கேட்டா இப்படி உடனே நகர்த்திக் குடுத்திருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தார். கொடுத்திருக்க மாட்டார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. இவளைக் கட்டிக்கொண்டதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மிஷினை நகர்த்தியாச்சுப்பா. நீ வேலையைப் பாரு," என்றார் எலெக்ட்ரீஷியனிடம், வீட்டுத் தலைவர் தோரணையில்.

"தெரியும் சார். நான் வர்றதுக்குள்ள நீங்களே தூக்கி வச்சிருப்பீங்கன்னு அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க."