திரு. கபாசோ வரக்கூடும்

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில், அது தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூடப் பொய் சொன்னது கிடையாது. சாம்பியா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு துறை அகப்படாது. காரணம் எளிது. அங்கே யாரும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

இந்த 'மகத்தான அறநெறி'யை வகுத்தவர் விரிவுரையாளர் திரு. கபாசோ. ஒரு காரியம் நடக்குமா என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'மஸ்ட்', 'மே', 'மைட்' என்று சொற்கள் உண்டல்லவா? அதற்காக அவர் கரும்பலகையில் ஓர் ஏணி வரைவார். உச்சிப் படியில் 'மஸ்ட்', நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. நடுவில் 'மே', ஐம்பது. தரையோரம் 'மைட்', முப்பது. கற்றறிந்தவன் குடியிருக்க வேண்டிய படி எது என்று கேட்பார். நாங்கள் கடைசிப் படியைக் காட்டுவோம். விழுந்தாலும் அடிபடாத படி.

நான் மட்டும் இந்த ஞானம் ஏறாத ஜென்மம். என்னிடம் கேட்டால் உண்டு, இல்லை, இரண்டே பதில்தான். சாப்பாட்டுக் கூடத்தில் அவர் குரலிலேயே, "இது ந்ஷிமாக் களியாக இருக்கக்கூடும்" என்று நான் பேசிக்காட்டினால் தட்டுகள் அதிரும்.

கடைசி ஆண்டில் என்னையும் வகுப்புத் தோழி சிலேஷேயையும் கற்பித்தல் பயிற்சிக்கு சாம்பேஷி ஆற்றின் அக்கரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கபாசோ நேரில் வந்து பாடம் பார்த்து மதிப்பெண் போட்டால்தான் சான்றிதழ். இல்லாவிட்டால் ஓராண்டு வீண். அவரிடமிருந்து கடிதம் வந்தது: 'ஏதேனும் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வரக்கூடும்.'

தலைமையாசிரியை பனா முசும்பா ஒரு சாம்பல் நிறக் கோழியை வாங்கிக் கட்டிப்போட்டார். மேற்பார்வைக்கு வருபவர் தட்டில் கோழியின் இரைப்பையை வைக்காவிட்டால் பள்ளிக்கே அவமானம். விருந்தாளிக்கு உரியதை வேறு யாரும் தொடவும் கூடாது.

"அறுத்தப்புறம் அவரு வரலேன்னா அந்த இரைப்பைய யாரு திங்கிறது? வர்றாரா இல்லையான்னு கேளும்மா. கத்தியத் தீட்டணும்ல," என்றார் சிலேஷேயிடம்.

சிலேஷே கேட்டே விட்டாள். 'ஐயா, வருவீர்களா, மாட்டீர்களா?' என்று ஒரே வரிக் கடிதம். துறையின் வரலாற்றில் இவ்வளவு கொச்சையான கேள்வி எழுந்ததில்லை. பதில் இல்லை. நான்கு செவ்வாய்க்கிழமைகள் அவள் சுண்ணக்கட்டியும் கையுமாக நின்றாள். கோழி ஆசிரியர் அறையில் பதினொரு முட்டை இட்டது.

பயிற்சி முடிந்து திரும்பினால், அறிவிப்புப் பலகையில் அறிக்கை. கபாசோ கடைசிச் செவ்வாயன்று வந்தாராம். என் பாடத்தைப் பார்த்து எழுபத்தெட்டு போட்டாராம். கோழியின் இரைப்பை பதமாக வெந்திருந்ததாம். சிலேஷே 'அன்று பள்ளியில் இல்லாமல் இருந்திருக்கக்கூடும்.' மதிப்பெண் கட்டத்தில் ஒரு கோடு.

அவள் மறுபடி ஆற்றைக் கடந்து போய், கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல்வர் அறைக்கே வந்துவிட்டாள். கபாசோவையும், சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

"சார் சாப்பிட்ட கோழி இதுதாங்க ஐயா."

முதல்வர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "உயிரோட இருக்கே."

"அது வேற கோழியா இருக்கலாம்," என்றார் கபாசோ. "அக்கரையில ரெண்டு கோழி இருக்கவும் வாய்ப்பிருக்கு."

முதல்வர் இந்த ஆய்வு முடிவைக் கவனமாகக் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுறவனாமே. சொல்லு. அந்தச் செவ்வாய்க்கிழமை இந்தப் பொண்ணு வகுப்புல நின்னுச்சா?"

நின்றாள். மணியடித்ததிலிருந்து பள்ளி விடும்வரை அவள் குரல் பலகைத் தடுப்பைத் தாண்டி என் வகுப்பில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அவள் நின்றாள் என்றால் கபாசோ வரவில்லை. கபாசோ வரவில்லை என்றால் என் எழுபத்தெட்டும் இல்லை. சிலேஷே கோழியை இறக்கி விட்டுவிட்டு, இனிக் கவலையில்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"நின்னிருக்கலாம் ஐயா," என்றேன், மெதுவாக.