இப்படிக் கொடு

எங்கள் இனத்தை அடையாளம் காண்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கையைப் பார்த்தால் போதும். பக்கத்தில் ஒருவர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். உதவலாமா என்று நீங்கள் யோசிப்பதற்குள் எங்கள் கை டப்பாவைப் பிடுங்கியிருக்கும். பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். "இப்படிக் கொடுங்க." கேட்டாரா அவர்? கேட்கவில்லை. கேட்ட பிறகு செய்தால் அதற்குப் பெயர் உதவியா? திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நாங்களே முடித்து வைப்போம், அவர் சொல்ல வந்தது வேறாக இருந்தாலும். காது கேளாதவரிடம் கேட்ட கேள்விக்கு நாங்களே பதில் சொல்லுவோம். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, அதைத் தள்ளுபவரிடம் "இவருக்குக் காபியா, டீயா?" என்று விசாரிப்போம். எங்களால் உலகத்துக்கு நன்மைதான் என்பதில் எங்களுக்குள் இதுவரை கருத்து வேறுபாடு வந்ததே கிடையாது.

எங்களில் முதல் வரிசை ஆசாமி ஒருவர். மருந்துக் கம்பெனி ஒன்றின் கிடங்கில் மேலாளர். பெயரைச் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. "இப்படிக் கொடு அண்ணன்" என்றால் தபால்காரர்கூட வீட்டைக் காட்டுவார். அவருக்கு ஒரே தங்கை. கண்பார்வை இல்லை. நீதிமன்றத்தில் பதிவான வாக்குமூலங்களைக் காதால் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. அண்ணன் ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் ஒரு சாட்சியையே விசாரித்து அனுப்பிவிடுவாள்.

அந்தத் தங்கைக்கு ஒரு வீடு வேண்டும். நீதிமன்றத்துக்கு அடுத்த தெருவில், தரைத்தளத்தில், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கென்று அரசு கட்டிய ஒற்றைப் படுக்கையறை வீடுகள். அண்ணன் குடும்பத்தோடு இருப்பதில் குறையென்று சொல்ல முடியாது. குறை வைக்க விட்டால்தானே? அவள் குளிக்கும் வாளியில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதுகூட அண்ணன் எடுத்த முடிவு. தனக்கென்று ஒரு கதவு, அதைத் தானே சாத்திக்கொள்ள வேண்டும், இது அவளுடைய வெகுநாள் ஆசை. விண்ணப்பம் இணையதளத்தில் மட்டும்தான். கடைசி நாள், மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

கடைசி நாள் வரை என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். முதல் நாளிலிருந்தே முயன்றுகொண்டுதான் இருந்தாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று அவள் கம்ப்யூட்டரில் உண்டு. அந்தத் தளத்துக்குள் நுழைந்ததும் அதுவும் திகைத்துப்போனது. "படம். படம். பட்டன். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன்." எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அழுத்தித்தான் பார்க்க வேண்டும். அழுத்தினால், கோணல்மாணலான எழுத்துகள் கொண்ட ஒரு படத்தைக் காட்டி, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்றது. பார்க்க முடியாதவர்களுக்கென்று ஒலிவடிவம் இருந்தது. யாரோ கிணற்றுக்குள்ளிருந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. அதைப் புரிந்துகொள்வதற்குள் "நேரம் முடிந்தது" என்று முதல் பக்கத்துக்கே துரத்திவிட்டது. பக்கத்தின் தலையில் மட்டும் சக்கர நாற்காலிப் படம் ஒன்று அம்சமாக இருந்ததாம். அண்ணி பார்த்துச் சொன்னாள்.

கடைசி நாள் மதியம் தங்கை வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்தப் படத்துல என்ன எழுத்து இருக்கு, அதை மட்டும் படிச்சுச் சொல்லு."

மட்டும்! எங்கள் அகராதியில் இல்லாத சொல்.

"இப்படிக் கொடு" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார் அண்ணன். "முதல்ல இந்தப் பொம்பளையைப் பேசாம இருக்கச் சொல்லு. தலை வலிக்குது." படித்துச் சொல்லிக்கொண்டிருந்த குரலை அணைத்தார். தங்கையின் கண்களை இறுகக் கட்டிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அறை அமைதியானதில் அவருக்கு ஒரே நிம்மதி.

"என்ன கேக்குது அண்ணா? படி."

"ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான். நீ காபி குடி."

வழக்கமானதுதான் என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? "காப்பாளர் பெயர்" என்றொரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யாரோ முகம் தெரியாத ஒரு அதிகாரி தன் சேவையைக் கேள்விப்பட்டு, தனக்கென்றே ஒரு கட்டம் போட்டுவைத்திருப்பதாக நினைத்தார். பாதி உண்மைதான். அந்தத் தளத்தைக் கட்டியவர்களும் எங்கள் ஆட்களே. பார்வையில்லாதவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருப்பார்களா? கூட யாராவது இருப்பாங்க, பார்த்துக்குவாங்க என்ற நம்பிக்கைதான். அந்த யாராவது வந்து உட்கார்ந்து, பெருமையோடு தன் பெயரையும் தன் ஃபோன் எண்ணையும் நிரப்பினார்.

அடுத்து ஒரு கேள்வி. விண்ணப்பதாரரால் துணையின்றித் தனியே வசிக்க இயலுமா? இங்கேதான் அண்ணன் தன் மூளையைப் பயன்படுத்தினார். இயலும் என்று போட்டால் எவன் இரக்கப்படுவான்? "இயலாது" என்பதில் அழுத்தினார். அழுத்திய கையோடு அனுப்பியும் விட்டார்.

"முடிஞ்சுது. எவ்வளவு நேரம்? இதுக்குப் போய் இத்தனை நாளா மல்லாடியிருக்க."

அரசு அலுவலகம் மெதுவாக வேலை செய்யும் என்று யார் சொன்னது? காபி டம்ளர் கீழே வைக்கப்படுவதற்குள் பதில் வந்துவிட்டது, அண்ணனின் ஃபோனுக்கு. வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியவரின் குரல் போகப்போகத் தேய்ந்தது. "தங்கள் காப்பில் உள்ள நபர் தனித்து வசிக்க இயலாதவர் என்பதால் தனி வீட்டுக்குத் தகுதியற்றவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."

தங்கை அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "யாரு காப்பு? யாருக்கு இயலாது?"

"நல்லதுக்குத்தாம்மா போட்டேன். பாவம்னு நினைச்சுக் குடுப்பானேன்னு..."

"பாவம்னு நீ ஒருத்தன் நினைக்கிறது பத்தாதா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. அண்ணன் கைக்குட்டையை நீட்டினார். அவள் துடைத்துக்கொள்ளும் வரை பொறுக்காமல் தானே துடைக்கவும் போனார். சமையலறை வாசலில் நின்ற அண்ணி, "அழறதையாவது அவளை அழ விடுங்க" என்றாள்.

தங்கை உதவி எண்ணை அழைத்தாள். எடுத்த பெண் நல்லவள். ஆனாலும் எங்கள் இனத்தவள்.

"மேடம், கண்ணு தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்தா அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க."

"இருக்காங்க. அவங்களாலதான் ஃபோன் பண்றேன்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். அதன் பிறகு அந்தப் பெண் தங்கையிடமே பேசினாள். காப்பாளர் இல்லையென்றால் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினால் தளம் ஏற்றுக்கொள்ளுமாம். "அப்படின்னு எங்கேயும் போடலை மேடம், அது ஒண்ணுதான் குறை." விண்ணப்பத்தைத் திருத்தத் திறந்துவிடலாம், மாலை வரை நேரம் இருக்கிறது. ஆனால் காப்பாளர் விலகச் சம்மதிக்க வேண்டும். அதற்கான ஓ.டி.பி. அவர் ஃபோனுக்குத்தான் வரும்.

வந்தது. அண்ணன் எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாசித்துவிட்டால் ஆயிற்று. வாய் வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். விட்டால் இவளுக்கு என்ன ஆகும் என்று இத்தனை வருஷமும் பயந்தார். விட்டால் தனக்கு என்ன ஆகும் என்று அப்போதுதான் முதல்முறை பயந்தார்.

"அப்ப நான் உனக்கு யாருமில்லையா?"

"அண்ணன் இல்லையா? அதுக்கு எந்தக் கட்டத்துலயும் எழுத வேண்டாம். நம்பரைச் சொல்லு அண்ணா."

சொன்னார். பிறகு நடந்ததுதான் சித்திரவதை. குரல் மறுபடி பேசத் தொடங்கியது. அவள் பெயரில்லாத பட்டன்கள் நடுவே ஒவ்வொன்றாகத் தட்டித் தடவிப் போனாள். சரியான பட்டனுக்கு அருகில் வந்து, தாண்டி, திரும்பி வந்தாள். அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். படம் வந்தபோது அவள் கேட்டாள், அவர் எழுத்துகளை மட்டும் படித்தார். நேரம் முடிந்தது என்று ஒருமுறை துரத்தியது. இன்னொரு படத்தையும் படித்தார். வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்தக் குரல், "விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்றது. அண்ணனுக்கு ஏனோ கண் கலங்கியது. தானே துடைத்துக்கொண்டார்.

வீடு கிடைத்தது. எங்கள் ஆசாமி திருந்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். குடிபோகும் அன்று பெட்டி தூக்க மட்டும் வருகிறேன் என்றார். அவள் வேலை முடிந்து வந்து பார்த்தால், காலையில் தான் தடவிப் பார்த்து அடுக்கிவைத்த சமையலறை முழுவதும் "வசதியாக" மாற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. உப்பு இருந்த இடத்தில் சோடா மாவு. அவள் அண்ணனை முதுகில் கைவைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய், வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "தாழ்ப்பாள் சரியா விழுந்துச்சான்னு பார்க்கணும். ஒரு நிமிஷம் கதவைத் திறயேன்."

"விழுந்துடுச்சு அண்ணா" என்றாள் உள்ளேயிருந்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. எங்கள் இனத்தில் சேராதவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். நீங்களோ பாதி படிக்கும்போதே ஒருவரை நினைத்துவிட்டீர்கள். இது அப்படியே அவர்தான், அவருக்கு இதை அவசியம் படித்துக் காட்ட வேண்டும், காட்டினால்தான் திருந்துவார் என்று எழுந்தும்விட்டீர்கள்.

வாருங்கள், வாருங்கள். அவர் கேட்டாரா என்ன?