புளியமரத்தடியில் ஆஜர்

நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுக்கும் வியாதி உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் துணைவேந்தர். கள்ளக்குறிச்சி நிருபர்களுக்குள் அவர் பெயரே ‘ஆஜர்’.

செனட் கூட்டத்தில் எடுப்பார். பந்தியில் எடுப்பார். திருக்கோவிலூர் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை கையில் தாலியோடு “உள்ளேன் ஐயா” சொன்ன பிறகுதான் முடிச்சு விழுந்தது. பத்திரிகையாளர் சந்திப்பில் வாய் திறக்காத ஒருவருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் கல்வராயன் மலையிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகள் மல்லிகா பி.எஸ்சி. இயற்பியல், கடைசி வருடம். வருகை போதாததால் பரீட்சை எழுத முடியாது. இந்த வருடம் போனால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பேட்டிக்காக நானும் அந்த அறையில் இருந்தேன்.

“புளி உலுக்கற நேரம்ங்க. வூட்டுல ஆள் கம்மி. பொண்ணும் வந்தாதான் ஆவும்.”

“சட்டத்துல கை வெக்க மாட்டேன். புளி இன்னும் பாக்கி இருக்குதா?”

“பாதி மரம் அப்படியே நிக்குதுங்க.”

“அப்போ நான் வரேன்.”

சிறப்பு வகுப்பு வைத்து வருகையை ஈடுகட்ட விதியில் இடமிருந்தது. எங்கே வைப்பது என்று விதி சொல்லவில்லை. அவரும் ஒரு காலத்தில் இயற்பியல் வாத்தியார். லீவு நாளெல்லாம் துணைவேந்தர் கார் மல்லிகாவின் ஊரான வெள்ளிமலைக்கு ஏறியது. கரும்பலகையை மரத்தில் சாய்த்து ஒளியியல் நடத்தினார். தகப்பன் மேலிருந்து உலுக்க, பழம் அவர் தலையில் கொட்டியது. மல்லிகா பொறுக்கியபடியே கேட்டாள்.

ஆஜர் மட்டும் யாருக்கும் தப்பவில்லை. “மேலதான் கீறேங்க” என்று கிளையிலிருந்து தகப்பன் பதில் சொன்னார். பக்கத்து மரத்தில் புளி பொறுக்க வந்த அம்மாள், “எனக்கு இன்னாத்துக்குங்க?” என்றார். “இங்கதான இருக்கீங்க? சொல்லுங்க” என்றார் துணைவேந்தர்.

மல்லிகா பரீட்சை எழுதினாள். ஒன்றைத் தவிர எல்லாத் தாளிலும் தேறினாள். தேறாதது அவர் நடத்திய ஒளியியல். சிண்டிகேட் உறுப்பினர்கள் மாதக்கணக்கில் சிரித்தார்கள்.

அரியர் தேர்வு வருவதற்குள் அவர் பதவிக்காலம் முடிந்தது. அவர் பெயரில் அங்கே ஒரு கட்டடம்கூடக் கிடையாது. காரையும் ஒப்படைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வெள்ளிமலை பஸ்ஸில் பார்த்தேன். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒளியியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.